இரவல் தெளிவு

படித்த வரியையே மறுபடியும் படிக்கிறோம். சொற்கள் தெரிந்தவைதாம், ஆனாலும் பொருள் உள்ளே இறங்க மறுக்கிறது. அடுப்படிக்குப் போய் நிற்கிறோம். எதற்கு வந்தோம் என்பது நினைவில் இல்லை. பல ஆண்டுகள் பழகியவரின் பெயர் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போகிறது. இவை எல்லார்க்கும் எப்போதாவது நேர்வன. ஒரு நல்ல உறக்கத்தில் தீர்ந்துவிடுவன. உறங்கி எழுந்த பிறகும் தீராமல், வாரமும் மாதமுமாக இதே நிலையில் நாளைக் கடத்துகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். வானொலிப் பெட்டியின் முள் நிலையத்திலிருந்து மயிரிழை விலகி நின்றால் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. அவர்களுடைய பொழுது அப்படிக் கழிகிறது. மருத்துவர்கள் இதை ‘பிரெயின் ஃபாக்’ என்கிறார்கள். மூளை மூட்டம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இந்த மூட்டத்துக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று நாம் அன்றாடம் பிசைந்து உண்ணும் ஒரு தானியத்தில் இருக்கக்கூடும் என்பது, உடலையும் அறிவையும் பற்றி நாம் கொண்டிருக்கும் எண்ணங்களை நின்று பார்க்கச் சொல்கிறது.

கோதுமையிலும் பார்லியிலும் ரை தானியத்திலும் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தைச் சிலருடைய உடல் பகையாகக் கொள்கிறது. சீலியாக் நோயில் அந்தப் பகை குளூட்டனோடு நிற்பதில்லை. உடலின் காவல் தன் சிறுகுடலையே தாக்குகிறது. உணவின் சாரத்தை வாங்கிக்கொள்ளும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகின்றன. இரும்புச்சத்தும் ஃபோலேட்டும் உண்டும் உடலில் சேராமல் போகின்றன. இதுவரை இது குடலின் கதை. ஆனால் வயிற்றில் பெரிதாக ஒரு தொல்லையும் இல்லாதவர்க்குக்கூட இந்நோய் கவனத்திலும் நினைவிலும் முதலில் தலைகாட்டலாம். 2014-இல் மெல்பர்ன் ஆய்வாளர்கள் புதிதாக நோய் கண்டறியப்பட்ட 11 பேரைக் குளூட்டன் இல்லாத உணவில் வைத்து, ஓராண்டுக் காலம் அவர்களுடைய அறிவுத்திறனைச் சோதித்துப் பார்த்ததை வெளியிட்டார்கள். குடல் ஆற ஆறச் சொற்சரளமும் கவனமும் கை இயக்கமும் தேறி வந்தன. 11 சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் குடலின் புண்ணும் சிந்தையின் மூட்டமும் ஒன்றாகவே விலகின என்ற செய்தி, எண்ணிக்கையைத் தாண்டி நம்மிடம் எதையோ கேட்கிறது.

ஈரோட்டுப் பக்கத்தில் ஓர் ஆசிரியையை அறிவேன். கணக்குச் சொல்லித்தருகிறவர். விடைத்தாள் திருத்தும்போது மதிப்பெண்களைக் கூட்டினால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு தொகை வந்தது. சிவப்பு மையில் எழுதிய எண்ணை அடித்து, வேறு எழுதி, அதையும் அடித்து, கடைசியில் பக்கத்து மேசையில் இருந்தவரிடம் “இதக் கொஞ்சம் கூட்டிக் குடுங்க டீச்சர்” என்று தாளை நீட்டிய அன்று அவருக்கு அழுகை வந்துவிட்டது. வயதாகிறது என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார், நாற்பதைத்தான் தாண்டியிருந்தார். வீட்டில் கவனமே இல்லை என்றார்கள். பள்ளியில் முன்போல் ஈடுபாடு இல்லை என்றார்கள். சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியும் இரத்தசோகை தீராததைக் கண்டு ஐயுற்ற மருத்துவர் ஒருவர், இரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனைக்கும் பிறகு எண்டோஸ்கோப்பிக்கும் அனுப்பிய பின்புதான் சீலியாக் என்று தெரிந்தது. கணவருக்குச் சர்க்கரை வந்த நாளிலிருந்து அந்த வீடு இரவுச் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறியிருந்தது.

சப்பாத்தியை விட்டார், ரவையை விட்டார். மூட்டம் பாதிதான் விலகியது. ஒருநாள் மாமியார் அடுப்படி அலமாரியில் இருந்த டப்பா ஒவ்வொன்றையும் எடுத்துவைத்து, பேத்தியை உட்காரவைத்து மேலே ஒட்டியிருந்த பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னார். பெருங்காயத்தூளின் முறை வந்தது. பிசினோடு கோதுமை மாவும் கலந்தது என்று இருந்தது. “இதுலயுமா கோதும போடறாங்க, கண்ணு?” என்று மருமகளைப் பார்த்தவர், அன்று வைத்த ரசத்தை அவர் தட்டில் ஊற்றவில்லை. மறுநாளே அரிசி மாவில் கலந்த பெருங்காயம் வீட்டுக்கு வந்தது. கவனமில்லாதவள் என்று ஒருகாலத்தில் குறைப்பட்டுக்கொண்ட அதே மனிதர்தாம் அவர். நோயின் பெயர் தெரிந்ததும் அவருடைய பார்வை மாறியது என்பதைவிட, பார்க்க வேண்டிய இடம் அவருக்குத் தெரிந்தது என்பதே சரி.

பார்க்க வேண்டிய இடம் தெரிய மனித குலத்துக்கே நெடுங்காலம் பிடித்தது. லண்டனில் சாமுவேல் கீ என்ற மருத்துவர் 1888-இல் இந்நோயைத் துல்லியமாக வருணித்தார். தீர்வு என்று ஒன்று உண்டானால் அது உணவின் வழியேதான் வரும் என்றும் உணர்ந்தார். எந்த உணவு என்பது மட்டும் அவருக்கு அகப்படவில்லை. மட்டிச்சிப்பி கொடுத்துப் பார்த்தார். ஒரு குழந்தை தேறியது, சிப்பிக் காலம் முடிந்ததும் மறுபடி நலிந்தது. உண்மைக்கு அவ்வளவு அருகில் வந்தும் கை எட்டவில்லை. அரை நூற்றாண்டு கழித்து நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் வில்லம் கரேல் டிக்கே என்ற குழந்தை மருத்துவரிடம், ரொட்டியை நிறுத்தினால் தன் பிள்ளைக்குக் குணம் தெரிகிறது என்று ஒரு தாய் சொன்னார். டிக்கே அதைக் காதில் வாங்கிக்கொண்டார். 1944–45 குளிர்காலத்தில், போரின் முற்றுகையில் அந்நாட்டின் மேற்குப் பகுதி பட்டினியில் வாடியது. ரொட்டி அரிதான அந்தக் கொடுமையும் அவர் முன்பே கொண்டிருந்த ஐயத்துக்கு வலுச் சேர்த்தது. 1950-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் கோதுமையே காரணம் என்பதை நிலைநாட்டினார்.

இந்த வரலாற்றில் என் மனம் தங்குவது அந்தத் தாயிடம். அவருக்குப் புரதத்தின் பெயர் தெரியாது, குடலின் அமைப்பு தெரியாது. பிள்ளைக்கு முன்னால் தட்டை வைப்பதும், உண்டபின் அதன் முகத்தைப் பார்ப்பதும் தெரியும். அந்தப் பார்வையை அறிவென்று ஏற்கும் பணிவு டிக்கேக்கு இருந்தது. நோயாளி தன்னைப் பற்றிச் சொல்வதை, தாய் தன் குழந்தையைப் பற்றிச் சொல்வதை, ‘மனப்பிரமை’ என்று தள்ளிவிடுவது எவ்வளவு எளிது! மூளை மூட்டத்துக்கு எக்ஸ்ரேயில் நிழல் விழாது; வெப்பமானி அதைக் காட்டாது. பட்டவர் சொல்லித்தான் அடுத்தவர்க்குத் தெரிய வேண்டும். பட்டவருக்கோ சொல்லும் திறனே மங்கியிருக்கிறது. ஆகையால் கேட்கிறவரின் பொறுப்பு இங்கே இரட்டிப்பாகிறது.

சோறு உண்ணும் நமக்கு இது தொலைதூரத்து நோய் என்று தோன்றலாம். பி. எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடைய குழுவினரும் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு, நம்மை வேறு வகையில் எண்ண வைக்கிறது. நோய்க்கான எதிர்ப்பொருள் வடக்கே 1.23 விழுக்காட்டினரிடம் இருந்தது, தெற்கே 0.10 விழுக்காட்டினரிடம். ஆனால் நோய்க்கு இடங்கொடுக்கும் மரபுக்கூறு வடக்கே நூற்றுக்கு 38 பேரிடம் என்றால் தெற்கே 36 பேரிடம் இருந்தது, கிட்டத்தட்டச் சமம். வேறுபட்டது தட்டு. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை உண்டார், தெற்கே 25 கிராம். ஆக, நம்மில் மூன்றில் ஒருவருக்கு மேல் அந்த இயல்பைச் சுமந்தபடியே, அது இருப்பதை அறியாமலே வாழ்ந்து முடிக்கிறோம். சுமப்பவர் எல்லார்க்கும் நோய் வருவதில்லை, பெரும்பாலோர்க்கு வராது. நாம் பெற்றிருக்கும் நலத்தில் எவ்வளவு நம் தகுதி, எவ்வளவு நம் மண்ணில் நெல் விளைந்தது என்ற தற்செயல் என்று பிரித்துச் சொல்ல யாரால் முடியும்? அந்தத் தட்டும் இன்று மாறிக்கொண்டிருக்கிறது. இரவுச் சப்பாத்தியும் தெருமுனைப் பரோட்டாவும் நமக்கு அயலாக இருந்த காலம் போய்விட்டது.

இங்கே ஒரு பழைய உரையாடல் நினைவுக்கு வருகிறது. சாந்தோக்கிய உபநிடதத்தில், பன்னிரண்டு ஆண்டுகள் வேதம் பயின்று செருக்கோடு வீடு திரும்பிய மகன் சுவேதகேதுவுக்கு, மனம் அன்னத்தால் ஆனது என்று தந்தை உத்தாலகர் கற்பிக்கிறார். வாதத்தால் நிறுவாமல், பதினைந்து நாள் நீர் மட்டும் அருந்தி உண்ணாதிருக்கச் சொல்கிறார். பதினாறாம் நாள் வேதத்தைச் சொல் என்று கேட்டால், கரைத்துக் குடித்த வேதம் மகனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. போய் உண்டு வா என்கிறார். உண்டு வந்ததும் கேட்டதற்கெல்லாம் விடை வருகிறது. அன்னம் இல்லாமையால் அறிவு அணைந்ததை அந்த மகன் தன்னிடமே கண்டான். நாம் பேசிக்கொண்டிருக்கும் நோயில் நிகழ்வது இதன் மறுபக்கம்: அன்னமே வந்து அறிவின்மேல் திரையாகிறது. இரண்டு நிலையிலும் வெளிப்படும் உண்மை ஒன்றே. நம்முடையது என்று நாம் தலைநிமிர்ந்து சொல்லும் கூர்மை, நினைவாற்றல், சொல்வன்மை எல்லாம் நம்மால் ஆளப்படாத ஏதோ ஒன்றிடமிருந்து நாள்தோறும் கைமாற்றாகப் பெற்றவை. எந்த வேளையிலும் திரும்பக் கேட்கப்படக்கூடியவை.

சைவ சித்தாந்திகள் இதை இன்னும் நுட்பமாகச் சொன்னார்கள். உயிர் தானாக அறிவதில்லை, அறிவிக்க அறிகிறது என்பது அவர்கள் கொள்கை. கண்ணுக்குப் பார்வை இருந்தும் ஒளியின்றிப் பார்க்க இயலாதது போல, கருவிகள் துணைநின்றாலன்றி உயிரின் அறிவு விளங்குவதில்லை என்றார்கள். இவ்வாறு பார்க்கும்போது மூட்டத்தில் இருப்பவர் குன்றிப்போனவர் அல்லர் என்பது தெளிவாகிறது. கூட்டுத்தொகை தவறியபோது அந்த ஆசிரியை அழுதாரே, அந்த அழுகை எங்கிருந்து வந்தது? தவறுகிறோம் என்பதை அறிந்த ஒன்று உள்ளே மங்காமல் இருந்ததால் அல்லவா? கருவி மங்கியதைக் காண்பவர், மங்கிய கருவியோடு ஒன்றாகிவிட முடியாது. தெளிவு போன நாளிலும் தெளிவின்மையை உணர்ந்து வருந்தும் ஒருவர் எஞ்சி நிற்கிறார் என்பதும், தெளிவு மீண்ட நாளில் அதைத் தம் சாதனையாகக் கொள்ளாமல் தமக்குத் தரப்பட்டதாகக் கொள்கிறார் என்பதும், மனிதரை அவருடைய திறமையின் அளவால் மதிப்பிட்டுப் பழகிவிட்ட நம் காலத்துக்கு மிகவும் வேண்டிய பாடங்கள்.

அப்படி மதிப்பிட்டு மதிப்பிட்டு நாம் செய்த தீங்குகள் எத்தனை! வகுப்பில் கடைசி வரிசையில் கண் செருகி உட்கார்ந்திருந்த பிள்ளையை மக்கு என்றோம்; கடைக்குப் போய் பாதிப் பொருளை மறந்து வந்த மருமகளைப் பொறுப்பற்றவள் என்றோம்; கோப்பை இரண்டு முறை திருத்தி அனுப்பிய எழுத்தரைச் சோம்பேறி என்றோம். இவர்கள் எல்லாருக்கும் ஏதேனும் நோய் இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் குணத்தின்மேல் தீர்ப்பு எழுதுவதற்கு முன் உடலைப் பற்றி ஒரு கேள்வி கேட்கலாம் என்ற நினைப்பே நமக்கு வராமல் போனது ஏன் என்று நாம் யோசிக்க வேண்டும். ஏனெனில் குணத்தைக் குறை சொல்வதற்கு நமக்கு ஒரு செலவும் இல்லை, உடலைப் பற்றிக் கேட்டால் அடுத்து நாம் ஏதாவது செய்தாக வேண்டியிருக்கும். இதைவிடக் கொடுமை, அந்தத் தீர்ப்பை அவர்களே ஏற்றுத் தம்மேல் சுமந்துகொள்வது. தன் உடலில் நடக்கும் போரை அறியாதவர், அதன் புழுதியைத் தன் குற்றமென்று எண்ணி வாழ்நாள் முழுவதும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

மூட்டம் விலகும் வழி நெடியது. சித்த மருத்துவத்தில் மருந்தோடு பத்தியம் வரும், மருந்து முடிந்தால் பத்தியமும் முடியும். இந்நோயில் பத்தியமே மருந்து. அதற்கு முடிவு நாள் கிடையாது. விரதத்தை முடித்துப் பாரணை செய்யும் நிறைவும் இதில் இல்லை. கல்யாணப் பந்தியில் பூரியும் கோதுமை அல்வாவும் வரிசையாக வரும்போது, “ஒரு வாய்தானே, ஒன்னும் செய்யாது” என்று அன்போடு வற்புறுத்தும் உறவினரிடம் கைகூப்பி மறுக்க வேண்டும். அந்த ஒரு வாய்க்குப் பின் மூட்டம் திரும்புவதைப் பலர் தம் அனுபவத்தில் சொல்லியிருக்கிறார்கள். இரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைய மாதங்கள் ஆகும். பெரியவர்களுக்குக் குடல் ஆற ஓராண்டும் அதற்கு மேலும் ஆவதுண்டு. இடையில் நல்ல நாளும் மங்கிய நாளும் மாறி மாறி வரும். மங்கிய நாளில் நம்பிக்கை இழக்காமலும் நல்ல நாளில் கட்டுப்பாட்டைத் தளர்த்தாமலும் இருக்கக் கற்பது, புண்ணியத்தையோ புகழையோ எண்ணாத ஒரு துறவு. சாதாரண மனிதர்கள் சாதாரண அடுப்படிகளில் அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். மருமகளின் தோசைக்கு எனத் தனிக் கரண்டி ஒதுக்கிவைக்கும் வீடுகளும் அதில் பங்கு கொள்கின்றன.

இதில் அவசரம் செய்யும் கேடு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. தலை பாரமாக இருக்கிறது என்றதும் யாரோ சொன்னதைக் கேட்டுக் கோதுமையை நிறுத்திவிடுகிறோம். பிறகு சோதனைக்குப் போனால், எதிர்ப்பொருள் அதற்குள் குறைந்திருக்கும், குடலும் ஆறத் தொடங்கியிருக்கும். நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரலாம். ஆகவே சோதித்து முடியும்வரை, துன்பம் தருவதாக நாம் ஐயுறும் உணவையே மருத்துவரின் கண்காணிப்பில் தொடர்ந்து உண்ண வேண்டியிருக்கிறது. நிவாரணத்துக்கும் உண்மைக்கும் நடுவே நின்று, உண்மை தெரியும்வரை நிவாரணத்தைத் தள்ளிவைப்பது மனித மனத்துக்குக் கடினம். ஆனால் காரணம் தெரியாமல் கிடைத்த ஆறுதலை நம்பி வாழ்நாள் முழுதும் பத்தியம் இருக்க முடியாது, பாதியில் தளர்ந்துபோவோம். சீலியாக் என்று உறுதியானால் பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் பிள்ளைகளையும்கூடச் சோதிக்க வேண்டியிருப்பதால், இந்த உண்மை ஒருவரோடு நிற்பதும் இல்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களைப் பற்றிய கவலையே இதை எழுதத் தூண்டியது. சோதனையில் சீலியாக் இல்லை. ஆனாலும் கோதுமை உண்டால் வயிறு உப்புகிறது, தலை மங்குகிறது. குளூட்டன் ஒவ்வாமை என்று தாமே பெயரிட்டுக்கொள்கிறார்கள். 2018-இல் நார்வே ஆய்வாளர்கள் இத்தகைய 59 பேருக்கு எதைத் தருகிறோம் என்று சொல்லாமல் ஒரு வாரம் குளூட்டன், ஒரு வாரம் ஃபிரக்டான் என்ற மாவுச்சத்து வகை, ஒரு வாரம் இரண்டும் இல்லாதது என மாற்றி மாற்றித் தந்து பார்த்தார்கள். வயிற்றுத் தொல்லையை மிகுதியாகக் கிளப்பியது கோதுமையில் உடன் இருக்கும் ஃபிரக்டான். வெங்காயத்திலும் பூண்டிலும் இருப்பதும் அதுவே. இதைக் கேட்டதும் சிலர், பார்த்தீர்களா, குளூட்டன் எல்லாம் வெறும் கற்பனை என்று சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வேதனை தருகிறது. ஆய்வு திருத்தியது காரணத்தின் பெயரை. துன்பம் பொய் என்று அது சொல்லவில்லை. காரணத்தைத் தவறாகச் சொன்னவர் துன்பத்தையும் பொய்யாகச் சொன்னார் என்று எப்படி ஆகும்? சாமுவேல் கீயும்தான் காரணத்தைக் காணவில்லை. அவர் பார்த்த குழந்தைகளின் நோவு மெய்யாகவே இருந்தது.

கோதுமையை விட்டும் மூட்டம் விலகாதவர்கள் நம்மிடம் வரும்போது, தைராய்டு பார்த்தாயிற்றா, பி12 பார்த்தாயிற்றா, உறக்கம் எப்படி, மனத்தில் ஏதும் பாரமா என்று அடுத்த கேள்விக்குப் போக வேண்டியது மருத்துவரின் வேலை. அவர் அதைச் செய்வார். வீட்டிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் இருக்கிற நமக்கு, காரணம் கிடைக்கும்வரை அவர்கள் சொல்வதை நம்பிக்கொண்டிருப்பதும், அதுவரை அவர்கள் கூட்ட வேண்டிய கணக்கில் கொஞ்சத்தை நாம் கூட்டிக் கொடுப்பதும் இருக்கின்றன.